கிழிக்காத டோக்கன்

2024 மே 27, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகரவே இல்லை. ஒஃபிஸுக்குப் பிந்திப் போனேன். நிரஞ்சன் சேர் கதிரையை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அலவத்துகொட சென்டர்லருந்து ஒரு முறைப்பாடு வந்திருக்கு. பாத்து மூடிருங்க."

நாங்கள் ஒரு இரத்தப் பரிசோதனை லெப்புக்கு இணையத்தளம் செய்து கொடுத்திருக்கிறோம். இரத்தம் கொடுத்தவர்கள் வீட்டிலிருந்தே போனில் ரிப்போர்ட் பார்க்கலாம். அதன் அலவத்துகொடக் கிளையில் இரத்தம் கொடுத்த ஒரு மனிதர் தன் கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட்டைப் பார்க்கப் போக, வேறொரு பெண்ணின் ரிப்போர்ட் வந்ததாம். அந்தப் பெண் அவருக்குத் தெரிந்த பெண்ணாம்.

"அது எப்படி சேர்?"

"எப்படியும் இல்ல. கவுண்டர்ல இருக்கிற ஆளு காட்டியிருக்கும். மாட்டுனதும் சிஸ்டம் மேல பழி. பின் நம்பர் இல்லாம நம்ம சைட் திறக்குமா, சொல்லுங்க?"

திறக்காது. பில்லில் அச்சிட்டுக் கொடுக்கும் பின் நம்பர் வேண்டும். நான் இந்த வேலைக்கு வரும் முன்பே அந்த லொகின் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அவ்வளவு எனக்கும் தெரியும். 'பயனர் தவறு' என்று எழுதி மூடினேன்.

மூடிய பிறகுதான் ஏதோ உறுத்துகிறது. கவுண்டரில் காட்டினார்கள் என்றால், அந்த மனிதர் ஏன் தன் போனில் வந்தது என்கிறார்?

மே 28

இன்றைக்கும் அதே யோசனை. அவருடைய போனில் எப்படி?

மே 29, புதன்

உதவி இலக்கத்துக்கு ஒரு அழைப்பு. எடுத்தது நான்.

"நான் இன்ஷிரா. அலவத்துகொட கவுண்டர்ல ஈக்கிய இன்ஷிரா. பயனர் தவறுண்டு எழுதீக்கீங்களாமே. அந்தப் பயனர் ஆரு? நானா?"

அழுதிருந்தாலாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. கோபமாக, நிதானமாகப் பேசினாள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று லெப்பில் சொல்லிவிட்டார்களாம். அந்தப் பெண் நுஸ்ஹா, இன்ஷிராவின் மாமி மகள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு கல்யாணம். அதற்கு முன் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான சோதனை செய்திருக்கிறாள். நோய் ஒன்றும் இல்லை. இரத்தத்தில் அதன் கூறு மட்டும் இருக்கிறது. கட்டிக்கொள்பவருக்கும் அது இருந்தால்தான் பிள்ளைக்கு ஆபத்து. வீட்டில் ஆறுதலாகப் பேசிவிட்டு மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லலாம் என்றிருந்தார்களாம். அதற்குள் ரிப்போர்ட்டைப் பார்த்த அந்த மனிதர் மாப்பிள்ளையின் பெரியப்பா. கல்யாணம் நின்றுவிட்டது.

"நான் தூக்கி வளத்த புள்ள. அவள்ட ரிப்போர்ட்ட நான் போய்க் காட்டுவனா?"

மாப்பிள்ளையைச் சோதித்தார்களா என்று கேட்டேன். "அவங்க ஏன் சோதிக்கப் போறாங்க" என்றாள்.

போனை வைக்கப் போகும்போது எனக்கு ஏதோ தோன்றி, நோயாளிகளுக்கு லிங்க் எப்படி அனுப்புவீர்கள் என்று கேட்டேன். ஒருநாள் கவுண்டர் கொம்பியூட்டரில் லொகின் பக்கத்தைத் திறந்து, மேலே இருந்த விலாசத்தைப் பிரதிபண்ணி வட்ஸ்அப்பில் வைத்திருக்கிறாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் அதைத்தான் அனுப்புகிறாள். வயசானவங்களுக்கு எழுத்துக் கூட்ட ஏலா, தொட்டாத் திறக்கணும் என்றாள்.

எனக்கும் அனுப்பச் சொன்னேன். வந்திருக்கிறது. நாளை பார்க்க வேண்டும்.

மே 30, வியாழன்

லிங்கைத் தொட்டேன். போன் நம்பர் கேட்கவில்லை. பின் நம்பர் கேட்கவில்லை. யாரோ ஒரு மனிதரின் சிறுநீரக ரிப்போர்ட் நேரே வந்து நின்றது. பெயர், வயது, ஊர், எல்லாம். சட்டென்று மூடிவிட்டேன். மூடி என்ன? கிரியேட்டினின் எவ்வளவு என்று இப்போதும் எனக்குத் தெரியும். அவர் யாரோ. அவருடைய மனைவிக்கே தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும்.

பிறகு ஒஃபிஸிலுள்ள தளத்தின் சோதனைப் பிரதியில், பொய்ப் பெயர்கள் போட்டு இரண்டு போன்களில் செய்து பார்த்தேன். அப்படியேதான்.

எனக்கே விளங்கும்படி எழுதி வைக்கிறேன். கிளினிக்குக்குப் போனால் வாசலில் ஒரு டோக்கன் தருகிறார்கள். உள்ளே போய் நம் அட்டையைக் காட்டி, நாம் இன்னார் என்று நிரூபித்த பிறகு, அந்த டோக்கனைக் கிழித்துப் போட்டு உள் டோக்கன் ஒன்று புதிதாகத் தர வேண்டும். எங்கள் தளம் கிழிக்கவில்லை. வாசல் டோக்கனிலேயே பெயரை எழுதிவிடுகிறது. அதே நம்பர் டோக்கன் இன்னொருவர் கையிலும் இருந்தால், அவரும் அந்தப் பெயர்க்காரர்தான். கேள்வி கேட்பாரில்லை.

இன்ஷிரா பிரதிபண்ணிய விலாசத்தின் வாலில் அந்த டோக்கன் நம்பர் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அறியாமல் ஊர் முழுக்க ஒரே டோக்கனைக் கொடுத்திருக்கிறாள். யார் கடைசியாக உள்ளே போனாரோ அவருடையது எல்லோருக்கும் தெரியும்.

படிக்கிற காலத்தில் இதை 'தாக்குதல்' என்றுதான் படித்தோம். கெட்டவன் ஒருவன் தன் டோக்கனை நம் கையில் திணித்துவிட்டு, நாம் உள்ளே போகும் வரை காத்திருப்பான் என்று. இங்கே கெட்டவனே இல்லை. வயசானவர்களுக்கு உதவ நினைத்த ஒருத்திதான் இருக்கிறாள்.

கண்டுபிடித்ததில் ஒரு சந்தோஷமும் வந்தது. அதை எழுதாவிட்டால் பொய்.

மே 31

அந்த லொகினை எழுதியது ஜனகன்.

கிளிநொச்சிக்காரர். பேராதனையில் படித்துவிட்டு இங்கேயே நின்றுவிட்டவர். எனக்கும் அவருக்கும் இடையில் இருப்பதற்கு நாங்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை. பகல் சாப்பாட்டைப் பங்கு போடுகிறோம், அவ்வளவுதான். அவ்வளவுதானா?

ஒஃபிஸ் குசினியில் வைத்துக் காட்டினேன். இரண்டு போன்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சில போன்களில உள்ள போன உடன வெளிய தள்ளிச்சுது. சனம் ஏசிச்சு. அதுக்காகத்தான் டோக்கன் நம்பரை லிங்கோட சேர்த்து அனுப்பினன். லொகின் ஆனாப் பிறகு நம்பரை மாத்த வேணும் எண்டு எனக்குத் தெரியும். பிறகு செய்வம் எண்டு விட்டன்."

"அப்ப சேர்கிட்ட போய்ச் சொல்லுவோம், வாங்க."

"கொஞ்சம் பொறும் சஞ்சீவனி. நான் முதல்ல திருத்திறன்."

"வேல போன அந்தப் பொண்ணு?"

சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 3, திங்கள்

பொறுக்கவில்லை. நானே சேரிடம் சொன்னேன். அவர் அதிர்ந்தது உண்மை. ஆனால் உடனே வேறு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அடுத்த மாதம் கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி எங்களோடு ஒப்பந்தம் செய்ய இருக்கிறது.

"திருத்துவோம். சத்தமில்லாம திருத்துவோம். சரியா?"

"வேல போன பொண்ணுக்கு யார் சேர் பதில் சொல்றது?"

"அது அவங்க ஊர்ப் பிரச்சினை. நம்ம வேல டெஸ்ட் பண்றது. போலீஸ் வேல இல்ல."

வெளியே வந்தபோது ஜனகன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஜூன் 4

இன்ஷிராவிடம் சொல்லிவிட்டேன். உங்கள் மேல் பிழை இல்லை, என்னால் காட்ட முடியும் என்று. "எனக்கிட்டச் செல்லி என்ன? மாமிக்கிட்ட வந்து செல்லுங்க" என்றாள்.

சனிக்கிழமை வருகிறேன் என்றேன். ஏன் அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்?

ஜூன் 7

வேலை ஓடவில்லை. சாப்பாடும் இல்லை. நாவலப்பிட்டியிலிருந்து அம்மா போன் எடுத்தார். "குரலு ஏன்டி ஒரு மாதிரியா இருக்கு?" தடிமன், மூக்கு அடைத்திருக்கிறது என்றேன்.

ஜூன் 8, சனி

எப்படி எழுதுவது.

மாத்தளை பஸ்ஸில் போனேன். அக்குறணைக் கடைத்தெருவில் தண்ணீர் ஏறி, பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. இன்ஷிரா அலவத்துகொடச் சந்தியில் குடையோடு நின்றாள். நான் நினைத்ததைவிட உயரம். ஒரு குடைக்குள் நடந்தோம்.

நுஸ்ஹாவின் தாய் கைரியா மாமி எங்களை உட்காரச் சொன்னார். இன்ஷிராவின் முகத்தைப் பார்க்கவில்லை. நுஸ்ஹா உள்கதவோரம் நின்றாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். நான் டோக்கன் கதையைச் சொன்னேன். மாமி நன்றாகக் கேட்டார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "இப்ப உங்க கண்ணு முன்னாலயே காட்டுறேன்" என்று இன்ஷிராவின் பழைய லிங்கை என் போனிலும் மாமியின் போனிலும் திறந்தேன். லொகின் பக்கம்தான் வந்தது; கடைசியாக உள்ளே போனவர் வெளியேறியிருப்பார் என்று நினைத்தேன். மாமியும் போன மாதம் சீனிச் சோதனைக்கு இரத்தம் கொடுத்திருந்தார். அவருடைய போனில் அவரே நம்பர் போட்டு உள்ளே போனார். "இப்ப பாருங்க, என் போன்லயும் உங்க ரிப்போர்ட் வரும்."

வரவில்லை.

லொகின் பக்கம். மறுபடி தொட்டேன். லொகின் பக்கம். இன்னொரு தடவை.

திருத்திவிட்டார்கள். நேற்றுப் பின்னேரம் ஜனகன் திருத்தியிருக்க வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

"திருத்திட்டாங்க, மாமி. நேத்து வரைக்கும்..." என்று ஏதேதோ உளறினேன். திருத்தியது நல்ல காரியம். திருத்தத்தான் வேண்டும். ஆனால் பிழையோடு சேர்ந்து அத்தாட்சியும் போய்விட்டது.

கைரியா மாமி சத்தம் போடவில்லை. "காசு குடுத்து ஆளக் கூட்டி வந்தீக்கியாடி?" என்று இன்ஷிராவைக் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். இன்ஷிரா எழுந்து வெளியே போனாள். நுஸ்ஹா எதையோ சொல்ல வருவதுபோல் ஒரு அடி முன்னால் வந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

சந்தி வரைக்கும் இன்ஷிரா என்னோடு வந்தாள். மழையில் குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 9

ஜனகனோடு போனில் சண்டை.

"திருத்தச் சொல்லித்தானே நீரே கேட்டனீர்?"

"சொல்லிட்டுத் திருத்தியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா? இன்னும் ரெண்டு நாள் சனத்தின்ர ரிப்போர்ட் திறந்து கிடக்கட்டும் எண்டு விடச் சொல்லியிருப்பீரா?"

அது சரிதான். அது சரி என்பதால்தான் இன்னும் எரிகிறது. வைத்துவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

யாரோ லெப்புக்குச் சொல்லி, லெப் சேருக்குச் சொல்லியிருக்கிறது. நிறுவன இரகசியத்தை வெளியே கொண்டு போனேனாம். விசாரித்து முடியும் வரை நான் வீட்டில் இருக்க வேண்டுமாம். ஒஃபிஸ் போனையும் வாங்கிவிட்டார்.

ஜனகன் எழுந்து நின்றார். எழுந்து நின்றார், அவ்வளவுதான்.

ஜூன் 12, நாவலப்பிட்டி

ரயிலில் வந்தேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேயிலை ஸ்டோரில் வேலை செய்துதான் என்னைக் கம்பஸுக்கு அனுப்பினார். "எதுக்குடி ஊரு வம்ப வெலைக்கு வாங்குற?" என்றார். மீன் கழுவி முடித்துக் கையைத் துடைத்தவர், "அந்தப் புள்ளைக்கு இப்ப வேல இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதன் பிறகு வம்பு என்று சொல்லவில்லை.

ஜூன் 14

நடக்கிறேன், உட்காருகிறேன், போனைப் பார்க்கிறேன். செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது உடம்பு இவ்வளவு களைக்குமா?

ஜூன் 17

இன்று ஹஜ்ஜுப் பெருநாள். இன்ஷிராவுக்கு வாழ்த்து அனுப்பினேன். பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

ஜூன் 20, வியாழன்

ஜனகன் போன் எடுத்தார். வணக்கம்கூட இல்லை.

"தளத்தின்ர பழைய கோட் என்னட்ட இருக்குது. என்ர லெப்டொப்பில பொய்ப் பெயர் போட்டு ஓட்டிப் பாத்திட்டன். அப்பிடியே பிழையாத்தான் வேலை செய்யுது. சனிக்கிழமை அலவத்துகொடைக்குப் போவமா?"

"வேல போயிரும் ஜனகன்."

"ஓம்."

"சேருக்குத் தெரியுமா?"

"காலமை சொல்லிப் போட்டன். ஏசினார். நான் வாறன், நீர் வழியைக் காட்டும்."

போனை வைத்த பிறகு அழுதேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 22, சனி

இன்ஷிரா எங்களைக் கூட்டிப் போக வர மறுத்தாள். கெஞ்சினேன். கடைசியில் வந்தாள், ஆனால் உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றாள்.

கைரியா மாமி கதவை முழுதாகத் திறக்கவில்லை. "இன்னமும் என்ன?"

ஜனகன் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றபடி பேசினார். "அம்மா, அந்தத் தளத்தைச் செய்தது நான். பிழை என்ர. இவவின்ர இல்லை, அந்தப் பிள்ளையின்ரயும் இல்லை. நீங்கள் பாக்கத் தேவையில்லை எண்டாலும் பரவாயில்லை, அதைச் சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்."

அவர் பேசும் தமிழ் மாமிக்குப் புதிது. ஆனால் விளங்கிவிட்டது. கதவு திறந்தது.

மேசையில் லெப்டொப்பை வைத்து மாமியையே செய்யச் சொன்னார். ஒரு ஜன்னலில் பொய்ப் பெயருக்கு நம்பர் போட்டு உள்ளே போனதும், பக்கத்து ஜன்னலில் அதே ரிப்போர்ட் ஒரு நம்பரும் கேட்காமல் வந்து நின்றது. மாமி இரண்டையும் பார்த்தார். படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இருந்தாலும் விடவில்லை. "இது ஒங்கட மெஷின். நீங்க நெனச்ச மாதிரி ஆட்டி வைப்பீங்க. அன்னைக்கி இப்பிடித்தான் நடந்துச்சுண்டு எனக்கெப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. ஜனகன் லெப்டொப்பை மூடினார்.

அப்போதுதான் நுஸ்ஹா பேசினாள். அவள் குரலை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்.

"நடந்துச்சு உம்மா. எனக்கும் நடந்துச்சு."

அவள் தன் ரிப்போர்ட்டைப் பார்க்க லிங்கைத் தொட்டபோது, முதலில் இன்னொருவருடையது வந்ததாம். தான் ஏதோ பிழையாக அழுத்திவிட்டதாக நினைத்து வெளியேறி, பிறகு தன் நம்பரைப் போட்டாளாம்.

மாமி அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏண்டி இத அன்னைக்கே செல்லல்ல? இந்தப் புள்ள இங்க வந்து வெக்கப்பட்டு நிக்கக்குள்ள ஏன் வாயப் பொத்திக்கிட்டு ஈந்த?"

"செல்லியிருந்தா ஆர்ட ரிப்போர்ட்டுண்டு கேட்டிருப்பீங்க."

மாமி கேட்க வாயெடுக்கும் முன் நுஸ்ஹா முந்திக்கொண்டாள்.

"நம்ம ஊர் ஆள்தான் உம்மா. ஆர்டதுண்டு இப்பவும் கேக்காதீங்க. எனக்குச் செஞ்சத நான் அவங்களுக்குச் செய்ய மாட்டன்." பிறகு படியில் நின்ற இன்ஷிராவைப் பார்த்து, "ராத்தா, ஒங்கள விட்டுட்டு நானும் சும்மா ஈந்துட்டன். அது எனக்குத் தெரியும்" என்றாள்.

இன்ஷிரா படியிலிருந்து உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே வந்தாள். நுஸ்ஹாவின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, அந்தக் கையாலேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். மாமி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போனார்.

தேத்தண்ணி குடிக்கும்போது நுஸ்ஹா ஜனகனிடம் கேட்டாள்: "இப்பிடி எத்தின பேர்ட ரிப்போர்ட்ட, எத்தின பேர் பாத்தீப்பாங்க? அவங்களுக்கு ஆர் செல்லுவா?"

அதை நாங்கள் இருவரும் யோசித்திருக்கவே இல்லை. எனக்கு இன்ஷிராவின் பெயரைக் காப்பாற்றுவது மட்டும்தான் தெரிந்தது. ஜனகனுக்குத் தன் பிழை மட்டும். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர், "சேர்வர் பதிவில பாத்தால் தெரியும். லெப்பின்ர டொக்டருக்குச் சொல்லத்தான் வேணும்" என்றார். கட்டுகஸ்தோட்டையில் இறங்கும்போது என் குடையை அவர் வைத்திருந்தார்.

ஜூன் 26

லெப்பின் டொக்டரம்மா நாங்கள் சொன்னதையெல்லாம் எங்களை நிற்க வைத்தே கேட்டார். முடிந்ததும் உட்காரச் சொன்னார்.

ஜூலை 4

ஜனகனுக்கும் எனக்கும் வேலை இல்லை. அவருக்குக் கடிதம், எனக்கு ஒரு போன் அழைப்பு. கொழும்பு ஒப்பந்தமும் இல்லையாம். நிரஞ்சன் சேர் பாவம் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. இன்னொரு பக்கம் தோன்றவில்லை.

ஜூலை 11

அலவத்துகொடையில் இரத்தம் கொடுத்த எல்லோருக்கும் லெப்பிலிருந்து செய்தி போயிருக்கிறது: இன்ன காலத்தில் உங்கள் ரிப்போர்ட்டை வேறு ஒருவர் பார்த்திருக்கக்கூடும், பிழை இணையத்தளத்தினது, எங்கள் ஊழியரது அல்ல, மன்னிக்கவும். இன்ஷிரா எனக்கு அதை அனுப்பினாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. பிறகு தனியாக ஒரு வரி: "நாளைக்கி வேலைக்கு வரச் செல்லீக்கிறாங்க. போகவா?"

போங்க என்றேன். ஏன் என்னிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. கேட்டது நன்றாக இருந்தது.

ஜூலை 25

ஜனகன் ஊருக்குப் போயிருக்கிறார். ஞாயிறுகளில் போன் எடுக்கிறார். சண்டை போடவும் செய்கிறோம். அம்மா, "யாருடி அது, மணிக்கணக்கா?" என்கிறார்.

ஆகஸ்ட் 24, சனி

வீட்டிலிருந்தே செய்கிற சோதனை வேலை இரண்டு கிடைத்திருக்கிறது. நிரந்தரம் இல்லை. கண்டிப் பெரஹெரா ஊர்வலம் முடிந்து ரோட்டெல்லாம் திறந்துவிட்டதால் அலவத்துகொடைக்குப் போய் வந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் திரும்ப ஆள் அனுப்பினார்களாம். நுஸ்ஹா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அவரும் ஒருக்கா ரெத்தம் குடுத்துப் பாக்கட்டும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாளாம். அதன் பிறகு அந்தப் பக்கமிருந்து பேச்சில்லை. கைரியா மாமிக்குக் கவலைதான். நுஸ்ஹா அக்குறணையில் கணக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள்.

இன்ஷிராவின் கவுண்டரில் கூட்டம் முன்போல் இல்லை. சிலர் சோதனைக்கு இன்னும் மாத்தளைக்குப் போகிறார்கள். நான் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு வயசாளி போனை நீட்டி, "மகள், நீங்களே இந்தப் பின் நம்பரப் போட்டுத் தாங்க" என்றார்.

"இல்ல வாப்பா. நீங்களே போடுங்க. ஆறுதலாப் போடுங்க."

அவர் ஒவ்வொரு இலக்கமாகத் தேடித் தேடி அழுத்தினார். பிழையாகிவிட்டது, மறுபடி தொடங்கினார். பின்னால் நின்றவர் சலித்துக்கொண்டார். இன்ஷிரா அவசரப்படுத்தவில்லை. கதிரையைத் திருப்பிப் போட்டு, அவர் முடிக்கும் வரைக்கும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.